கொலுவுக்கு அழைக்கப் போனவர்கள்

கொலு வைத்துவிட்டால் அந்த ஒன்பது நாளும் என் கால் தரையில் பாவாது. எனக்கு எட்டு வயதான அந்த வருடம் கேட்கவே வேண்டாம். என் உயிர்த்தோழி மரிசோல் எங்கள் கொலுவைப் பார்க்க வரப்போகிறாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அவளை இன்னும் கூப்பிடவே இல்லை என்பது வேறு விஷயம்.

சன்னிவேலில் எங்கள் அபார்ட்மெண்டின் முன் கட்டடங்களில் எங்களைப் போன்ற சாஃப்ட்வேர் குடும்பங்கள். பார்க்கிங்கைத் தாண்டினால் பின் கட்டடத்தில் மரிசோலின் வீடு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்கு வீடுகளுக்குக் கூரை போடும் வேலை. பல வருடம் யாரிடமோ கூலிக்கு இருந்தவர், அப்போதுதான் சொந்தமாக ஒரு பிக்கப் டிரக் வாங்கி, மச்சானைச் சேர்த்துக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்கியிருந்தார். அம்மா வீடுகளைச் சுத்தம் செய்யப் போவார். அவர்கள் வாசலில் தொட்டிகளில் காய்த்த மிளகாயில் பாதி எங்கள் சமையலறைக்கு வரும். பதிலுக்கு இங்கிருந்து கறிவேப்பிலை போகும். அதை அவர்கள் என்ன செய்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அவள் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என் அம்மாவுக்கு மரிசோலின் வேகமான ஆங்கிலம் பிடிபடாது. அதனால் ஸ்பானிஷை அவள் ஆங்கிலமாக்க, அதை நான் தமிழாக்க, இரண்டு அம்மாக்களும் மணிக்கணக்கில் பேசுவார்கள். நடுவில் எங்களுக்குச் சலித்துப்போன பகுதிகளை நாங்கள் தாராளமாக விட்டுவிடுவோம்.

இந்த நாட்டில் இருக்க விசா, பேப்பர் இல்லாதவர்களை ஆபீசர்கள் வீடு தேடி வந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று அந்தச் சமயம் ஊரில் ஒரே பேச்சு. யார் தட்டினாலும் கதவைத் திறக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருப்பதாக மரிசோல் ஒருநாள் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே சொன்னாள். என் அம்மாவும் என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். அதனால் எனக்கு அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வீட்டில் நாலைந்து ஆன்ட்டிகள் வந்து உட்கார்ந்தாயிற்று. அடுப்பில் சுண்டல். ஒரு ஆன்ட்டியின் பிடியில் என் பின்னல். நான் நெளிந்துகொண்டே இருந்ததில் அவர் இரண்டு முறை அவிழ்த்துப் பின்னினார். அப்பா அப்போதுதான் கம்பெனி ஷட்டிலிலிருந்து இறங்கி, கூடவே இறங்கிய ஒரு அங்கிளோடு உள்ளே நுழைந்தார். இரண்டு பேரும் ஷூவையோ கறுப்பு ஜாக்கெட்டையோ கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையையோ இன்னும் கழற்றவில்லை. பின் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டு வரச்சொல்லி அம்மா அவரை அப்படியே திருப்பினார்.

"மெசேஜ் பண்ணிடலாமே?"

"நல்ல நாளும் அதுவுமா மெசேஜா? நேர்ல போய்க் கூப்பிட்டாத்தாங்க மரியாதை. சட்டுனு போய்ட்டு வாங்க."

கொலுவுக்கு அழைப்பது பெண்கள் வேலை. அப்பாவுக்கோ, தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தட்டவே கூச்சம். துணைக்கு அந்த அங்கிளையும் இழுத்துக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பியும் வந்தார்.

"உள்ள டிவி சத்தம் கேட்டுச்சு. தட்டினேன், நின்னுடுச்சு. யாரும் வரல."

"குளிச்சிட்டு இருப்பாங்க. டிரக் நிக்குதே? இன்னொரு தடவை நல்லா பலமா தட்டுங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

அந்த வீட்டில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே பெயர் மரிசோல். இரண்டு பேரும் மறுபடியும் போனார்கள். மறுபடியும் வெறுங்கையோடு வந்தார்கள்.

நான் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பட்டுப்பாவாடை தடுக்கி விழுந்தேன். பாடச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். கடைசி ஆன்ட்டியும் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பியபோது ஓவென்று அழுதேன். அம்மாவுக்கும் மனத்தாங்கல்தான். "உள்ள இருந்துக்கிட்டே திறக்கல பாரு" என்று பாத்திரங்களிடம் கோபித்துக்கொண்டார்.

ஆனாலும் மனசு கேட்காது அவருக்கு. மறுநாள் காலை ஒரு டப்பாவில் சுண்டலைப் போட்டு, குங்குமச்சிமிழோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டிரக்கில் மெத்தைகள் ஏறிக்கொண்டிருந்தன. மரிசோலின் அப்பா கையை ஒரு துணியில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மிளகாய்த் தொட்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. அவள் அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. அவர் ஏதோ சொல்ல, மரிசோல் சொல்ல, நான் அம்மாவுக்குச் சுருக்கமாகச் சொன்னேன்: "ஆபீசருங்க பிடிக்க வந்தாங்களாம். அவங்கப்பா பின்பக்க பால்கனியிலிருந்து குதிச்சாராம். மரிசோலோட பெரியம்மா ஊருக்குப் போறாங்களாம்."

அம்மா மரிசோலின் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். அவர் நெற்றியில் குங்குமம் வைத்து, சுண்டலைக் கையில் கொடுத்தார். அவர் என் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டார். மரிசோல் டிரக்கில் ஏறிக்கொண்டாள். கொலுவுக்கு வராத கோபத்தில் நான் கையசைக்கவில்லை.

சாமான் வாங்கப் போயிருந்த அப்பா மத்தியானம்தான் வந்தார். அவருக்குச் செய்தி சொல்ல எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. சாப்பாட்டில் உட்கார்ந்ததும் அம்மாவிடம் விட்டுவிட்டதையெல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

"ரெண்டு ஆபீசர்ப்பா! கறுப்பு ஜாக்கெட்டு, கழுத்துல பேட்ஜ். மரிசோல் திரைச்சீலை இடுக்குல பார்த்தாளாம். தட்டிட்டுப் போய்ட்டாங்களாம், அப்புறம் திரும்பி வந்து டமார் டமார்னு தட்டினாங்களாம். அவ பேரு கூட அவங்களுக்குத் தெரியுமாம்! மரிசோல், மரிசோல்னு கூப்பிட்டாங்களாம்!"

அப்பாவின் கை ரசம் சாதத்திலேயே நின்றுவிட்டது. அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா கைகூடக் கழுவாமல் எழுந்து செருப்பில்லாமல் பார்க்கிங்கைத் தாண்டி ஓடினார். டிரக் காலையிலேயே போய்விட்டது என்று நான் பின்னாலிருந்து கத்தியது அவர் காதில் விழவில்லை. அம்மா அவர்களுடைய நம்பருக்குப் போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தார். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, யாரும் எடுக்கவில்லை.

அப்பா திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். எனக்கோ தலை வெடித்துவிடும் போலிருந்தது. பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

"நீங்க அப்ப அங்கதானேப்பா இருந்தீங்க? அந்த ஆபீசருங்களைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்மா" என்றார்.

அதற்குமேல் நான் எவ்வளவு நச்சரித்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு பெரிய சங்கதியைக் கண்ணால் பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் மறைத்தாரே என்று அன்று முழுக்க நான் அவரோடு பேசவே இல்லை.