சீல்காரரின் கம்ப்யூட்டர்

சரக்குக் கிடங்கில் லாரிக் கதவுகளுக்கு சீல் வைப்பதுதான் அவர் வேலை. அதனால் எல்லோரும் அவரைச் சீல்காரர் என்றே கூப்பிடுவார்கள். சரக்கு ஏறி முடிந்ததும் கதவைச் சாத்தி, நம்பர் போட்ட சீலை மாட்டி, இழுத்துப் பார்ப்பார். மனசு கேட்காமல் இன்னொரு தடவையும் இழுத்துப் பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சீல் கலையாமல் போய்ச் சேர்ந்த ஒரு லாரியில் துணி மூட்டைக்குப் பதில் மணல் மூட்டை இருந்ததாம். அன்றைக்குப் பிடித்த சந்தேகம் இன்றுவரை அவரை விடவில்லை. வீட்டில் சர்க்கரை டப்பா மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். மூடியில் பாதி, டப்பாவில் பாதி. கோடு விலகியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் இருப்பதோ அவரும் மனைவியும் மட்டும். இதை அவரிடம் யார் எடுத்துச் சொல்வது?

இப்படிப்பட்ட மனுஷர் உலகத்தில் ஒரே ஒருவனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். மனைவியின் தம்பி. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஆயுசு முழுக்க லாரிகளை அனுப்பி வைத்தவருக்கு லாரி ஓட்டத் தெரியாது. மச்சினன் ஒருநாள் லாரி ஓட்டும் கேம் ஒன்றைக் காட்டினான், ஆள் அதிலேயே விழுந்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் போதும். இவர் இவர் வீட்டில், அவன் அவன் வீட்டில், காதில் ஹெட்போன். திரையில் முன்னால் அவன் லாரி, பின்னால் இவர் லாரி. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு சாயங்காலம்தான். அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பது அவர் மனைவிக்குப் பிடிக்கும்.

ஆனால் மலைப்பாதை வந்தால் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணும்.

"மாமா, வர்றீங்களா?"

"எங்க மாப்ள வர்றது? படம் நின்னு நின்னுல்ல வருது."

மச்சினன் மலை உச்சியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் காத்திருப்பான். ஒருநாள் சொன்னான்: "நீங்க வாங்கினது ரெடிமேட் செட்டு மாமா. ஆபீஸ்ல லெட்டர் அடிக்கத்தான் லாயக்கு. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டுடலாம். இருக்கற பவர் சப்ளை அதைத் தாங்காது, அதையும் மாத்திடுவோம். அப்புறம் பாருங்க."

கடைக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார். மச்சினன் பழைய பவர் சப்ளையைக் கழற்றியதிலிருந்து பக்கத்திலேயே நின்று பார்த்தார். பார்த்தது சந்தேகத்தினால் அல்ல, ஆசையினால். மச்சினன் புதுக் கார்டை மாட்டி, கேமை ஓட்டிக் காட்டினான். லாரி வழுக்கிக்கொண்டு மலை ஏறியது. அந்த நேரம் பார்த்துக் கிடங்கிலிருந்து போன் வந்தது. உள்ளே சிக்னல் இல்லை என்று வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். திரும்பி வரும்போது பெட்டியின் பக்கத்துத் தகட்டை மூடியாகிவிட்டது. அவருக்கு வந்த சந்தோஷத்தில் மச்சினனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தொழில் புத்தி வேலை செய்தது. இவ்வளவு நல்ல சாமான் உள்ளே இருக்கும்போது சும்மா விடலாமா? கிடங்கில் மிச்சமான ஸ்டிக்கர்கள் கைவசம் இருந்தன. உரித்தால் கிழிந்துபோகும் ரகம். இடுக்குகளில் ஒட்டினார். முன்னாலும் பக்கவாட்டிலும் வலை மாதிரி ஓட்டைகள் தெரிந்தன, அதன் மேலும் வரிசையாக ஒட்டினார். கள்ளன் கை எங்கே நுழையும் என்று யார் கண்டது? ஒட்டி முடித்துவிட்டு, பழக்க தோஷத்தில், ஒரு தடவை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை கொஞ்ச நேரம் லாரி ஜோராக ஓடியது. மலையடிவாரம் வந்ததும் திணற ஆரம்பித்தது. உள்ளே விசிறி ஓவென்று இரைந்தது. பழைய கதையே தேவலை என்று ஆகிவிட்டது. தலைவலி என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, குனிந்து ஸ்டிக்கர்களைப் பார்த்தார். ஒன்றுகூடக் கிழியவில்லை. சீல் கலையவில்லை. அப்படியென்றால் திருட்டு சீலுக்கு முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். அவர் வெளியே போய்ப் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்.

அந்த நினைப்பு அவருக்கே பிடிக்கவில்லை. ஆனால் வந்தது வந்ததுதான். மறுநாள் கடைக்குப் போய் நின்றார்.

"கடையில ஓட்டிக் காட்டினியே, அந்தக் கார்டுதான் உள்ள இருக்கா?"

மச்சினன் சிரித்தான். "ஏன் மாமா, என்ன பண்ணுது? எடுத்துட்டு வாங்க, பாத்துடலாம்."

"எடுத்துட்டு வந்தா நல்லதை மறுபடி மாட்டிடுவே. அப்புறம் நான் எதை வெச்சுக் கேக்கறது?"

மச்சினன் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. குனிந்து கையிலிருந்த வேலையைப் பார்க்க ஆரம்பித்தான். அதையும் சீல்காரர் அவனுக்கு எதிராகவே கணக்கில் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை திரையில் மச்சினனின் லாரி வரவில்லை.

"தம்பி ஏங்க போனையே எடுக்க மாட்டேங்கறான்?" என்றாள் மனைவி. அவர் நடந்ததைச் சொன்னார். "நான் சொன்னா நம்ப மாட்டே, இப்பப் பாரு" என்று ஸ்டிக்கர்களைக் கிழித்துத் தகட்டைக் கழற்றினார். கார்டில் இருந்த நம்பரையும் மச்சினன் கொடுத்தனுப்பிய அதன் அட்டைப்பெட்டியில் இருந்த நம்பரையும் விரலை வைத்து ஒத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்று. மறுபடி பார்த்தார். அப்போதும் ஒன்றுதான்.

திறந்தது திறந்தபடி இருக்க, கேமைப் போட்டார். லாரி மூச்சு வாங்காமல் மலை ஏறி இறங்கியது. தகட்டை மூடி, புதிதாக ஸ்டிக்கர் ஒட்டினார். கொஞ்ச நேரத்தில் திணறியது.

மனைவி குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"மூக்கைப் பொத்திட்டு மலை ஏறச் சொன்னா யாராலங்க ஏற முடியும்?" என்றாள். விரலை ஊதிக்கொண்டே சொன்னாள்: "சர்க்கரை டப்பாவுக்குக் கோடு போட்டீங்க, நான் வாயத் திறக்கல. என் தம்பிக்குமா போடுவீங்க?"

சீல்காரருக்கு அவமானமாக இருந்தது. கிழிந்த ஸ்டிக்கர்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். மறுநாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கூடுதலாக ஒரு விசிறி போட வேண்டும் என்பது சாக்கு.

"தப்பு என் மேலதான் மாப்ள. காத்து போற ஓட்டையை எல்லாம் நானே அடைச்சிட்டேன். மனசுல வெச்சுக்காத."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். கஸ்டமருக்கு டவுட் வரத்தான் செய்யும்" என்றான் மச்சினன். குரலில் கோபமே இல்லை. மேஜையைத் துடைத்துப் பெட்டியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தான். "உங்க எதிர்லயே திறக்கறேன். நம்பரை எல்லாம் போட்டோ எடுத்துக்குங்க சார்."

அவர் எடுக்கவில்லை. அதற்குள் கிடங்கிலிருந்து போன் வந்தது. நல்ல சமயத்தில் வந்தது என்று நினைத்தார்.

"நீ பாட்டுக்கு வேலையைப் பாரு மாப்ள. நான் வெளிய பேசிட்டு வர்றேன்."

வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டு பேசினார். பேசி முடித்துவிட்டுக் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார். பெட்டி மூடியபடியே இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் மேஜையின் அந்தக் கோடியில் கிடந்தது. மச்சினன் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டு, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, அவர் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான்.