ஏரம்பர் வேலியில் ஒரு பொட்டு

இணுவிலில் எங்கள் ஒழுங்கைக்குள் அவரை வேலி ஏரம்பர் என்றுதான் சொல்வோம். அவருக்கு முன்னால் சொல்வதில்லை. சொல்லியிருந்தாலும் கோபித்திருக்கமாட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பட்டத்தில் மனிதனுக்கு உள்ளூரப் பெருமை. புகையிலைத் தோட்டம், ஒரு சோடி எருது, மனைவி சின்னாச்சி, ஒரே மகள் நல்லம்மா, இவற்றோடு ஒரு வழக்கு. வழக்கைத்தான் அவர் எல்லாவற்றையும்விடக் கவனமாக வளர்த்தார்.

எதிராளி வேறு யாருமில்லை, சித்தப்பன் மகன் கந்தப்புதான். இரண்டு பேருடைய வீட்டு வளவுக்கும் நடுவே ஓடுகிற வேலி ஒரு முழம் அங்காலையா இங்காலையா என்பதுதான் பிணக்கு. அந்த ஒரு முழத்தில் இரண்டு மிளகாய்க் கன்று நட்டாலும் நெருக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் வழக்குத் தவணை நாளில் ஏரம்பரைப் பார்க்கவேண்டும். விடியவே முழுகி, திருநீறு பூசி, சலவை வேட்டி கட்டி, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர்போலக் கொக்குவில் ஸ்ரேசனுக்கு நடப்பார். கந்தப்புவும் அதே ரெயிலில்தான் வருவார், வேறு பெட்டியில். ஏரம்பருக்காக வழக்குப் பேசுகிற பிரக்கிராசியார் இராசநாயகமே ஒரு தவணைக்கு வராமல் விட்டிருக்கிறார். ஏரம்பர் ஒன்றையும் விட்டதில்லை.

கடைசியில் வென்றார். வென்ற கிழமையே கிளுவங்கதியால் தடிகளை நெருக்கி நட்டு, பின்னிய தென்னோலைக் கிடுகுக்கு மேல் கிடுகு வைத்து, அணில்கூட நுழையமுடியாத வேலி ஒன்றைக் கட்டி முடித்தார். கந்தப்புவோடு கதை பேச்சும் அன்றோடு நின்றது.

எங்கள் பக்கத்தில் எந்த வேலியிலும் ஒரு மூலையில் பொட்டு இருக்கும். ஆள் குனிந்து போய்வரக்கூடிய ஓட்டை. பெண்கள் நெருப்பெடுக்கவும் கறி கொடுக்கவும் ஊர்க்கதை கதைக்கவும் தெருவுக்கு இறங்காமல் அதனால்தான் போய்வருவார்கள். ஏரம்பர் வேலியில் அது கிடையாது. பத்து வருசம் ஒருவர் தடையில்லாமல் போய்வந்தால் அது பாதை உரிமையாகிவிடும் என்று வழக்குக்குப் போன கோட்டு விறாந்தையில் படித்துவைத்திருந்தார். "இண்டைக்குப் பொட்டு, நாளைக்குப் பாதை" என்பார். பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்தாலே சட்டம் ஞாபகம் வருகிற மனிதன்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான், முப்பத்தாறாம் ஆண்டு, எங்கள் ஊருக்குக் கிளினிக் வந்தது. தாய்மாரையும் பிள்ளைகளையும் இனாமாகப் பார்ப்பார்கள் என்றார்கள். பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாது ஒருவர் எந்த நாளும் இருப்பார், புதன்கிழமையில் அரைநாள் டொக்டர் வருவார், பிள்ளையைத் தொங்கவிட்டு நிறுக்கிற தராசும் உண்டு. நல்ல ஓட்டுவீடு, நல்ல கிணறு, ஊர்ச்சனம் முழுவதும் போய்வருகிற இடம் என்று தேடி, ஏரம்பர் வேலிக்கு அப்பால் ஆள் குடியில்லாமல் கிடந்த கந்தப்புவின் வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். கந்தப்பு குடியிருந்தது வேறு ஒழுங்கையில். அந்த வீட்டின் ஒரே வாசல் பிள்ளையார் கோயில் வீதியில் இருந்தது.

இதில் என்ன பிழை என்று இடம் பார்க்க வந்த பெரியவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களும் சைவர்கள்தான், திருநீறு பூசியவர்கள்தான். ஆனால் ஒருவராவது பிள்ளை பெற்ற பெண் இல்லையே! பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. துடக்கோடு கோயில் வீதியை யாரும் மிதிக்கமாட்டார்கள். பிறந்த பிள்ளைக்குக் கிளினிக் தேவைப்படுகிற நாட்கள் முழுவதும் அந்த முப்பத்தொன்றுக்குள்தான் கிடக்கின்றன. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. மருத்துவமாது இரத்தினம்மா, ஊரார் சொல்வதுபோல மிஸி, வெறும் தராசைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். சனம் வராவிட்டால் பூட்டிவிடுவார்கள் என்று ஒரு கதையும் அடிபட்டது.

அந்த வருசம்தான் நல்லம்மாவுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது. முதல் இரண்டும் மாதம் முடியுமுன்னரே போய்விட்டன. இரண்டாவது, யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு வண்டில் கட்டிக்கொண்டிருக்கும்போதே அடங்கிப்போனது. அதற்குப் பிறகு நல்லம்மா ஆரோடும் வாய்விட்டுக் கதைத்ததை நான் காணவில்லை. மூன்றாவதைப் பார்த்து எடுத்தது இரத்தினம்மாதான். பெட்டைப்பிள்ளை, நல்ல மொழுமொழு என்று இருந்தது. ஒரு கிழமை போகத் தொப்புள்கொடி அறுத்த கொப்புள் சிவந்து வீங்கியது.

"ஐயா, கொப்புள் புண் பிடிச்சிட்டுது. பாலும் வடிவா இழுக்குதில்லை" என்றார் இரத்தினம்மா. "நாளைக்குப் புதன். டொக்டரிட்டை கட்டாயம் காட்டவேணும். பிறகும் காலமை பின்னேரம் கொண்டு வந்தியள் எண்டால் நான் கழுவி மருந்து கட்டிவிடுவன்."

"துடக்கோடை வீதியை எப்பிடி மிதிக்கிறது, மிஸி?" என்றார் சின்னாச்சி. "டொக்டரை இஞ்சை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வரேலாதோ?"

"கிளினிக்கை விட்டு வெளிக்கிட அவருக்கு உத்தரவில்லை, அம்மா. ஒரு வீட்டுக்குப் போனால் மற்ற வீட்டுக்காரர் விடுவினமோ?" சொல்லிக்கொண்டே இரத்தினம்மா வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தைப் பார்த்தார். "நான் இருக்கிறது உந்த வேலிக்கு அங்காலை. நீங்கள் இஞ்சை இருமினாலும் எனக்குக் கேக்கும்."

மிஸி போனதும் சின்னாச்சி ஏரம்பருக்கு முன்னால் வந்து நின்றார். நாற்பது வருசக் குடித்தனத்தில் அவர் அப்படி வந்து நின்றது குறைவு.

"இஞ்சாருங்கோ, ரெண்டைத் தாட்டாச்சு. வேலியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு மூண்டாவதையும் குடுக்கப்போறியளோ?"

"அது உவன் கந்தப்புவின்ரை வளவு. பொட்டு வைச்சால் பத்து வருசத்திலை பாதை எண்டு வருவான். கோட்டிலை வெண்டதெல்லாம் போயிடும், தெரியுமோ?"

"போகட்டும்" என்றார் சின்னாச்சி.

விடிந்ததும் ஏரம்பர் கத்தியை எடுத்துக்கொண்டு கோடிப்புறம் போனார். கனநேரம் வேலியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிடுகை அறுத்து, ஒரு கதியாலை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். பல்லுப் பிடுங்கக் கொடுத்தவர்போல முகம். "முப்பத்தொண்டு கழியட்டும், அடுத்த நாளே அடைச்சுப்போடுவன்" என்று வேலிக்கே சொன்னார். நல்லம்மா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து அந்தப் பக்கம் போனாள்.

டொக்டர் பார்த்தார், மருந்து கொடுத்தார். ஒரு நாள் சற்றுப் பிந்தியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்கமுடியாது என்றும் சொன்னார். இரத்தினம்மா காலையும் மாலையும் கழுவிக் கட்டினார். புண் ஆறியது. பிள்ளை பால் குடித்தது. தராசில் ஏற்றிய ஒவ்வொரு முறையும் ஏரம்பர் பொட்டடியில் நின்று, "எவ்வளவாம்? எவ்வளவாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கந்தப்புவின் மண்ணை மட்டும் மிதிக்கவில்லை. பிள்ளைக்குப் பராசக்தி என்று பெயர் வைத்தார்கள். நல்லம்மா மறுபடியும் கதைக்கத் தொடங்கினாள். தொடங்கியவள் இன்றுவரை நிறுத்தவில்லை.

முப்பத்தொன்று கழிந்தது. ஏரம்பர் அடைக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டது. அவர்களும் அதே பொட்டால் போனார்கள். பிறகு மேற்கு ஒழுங்கைக்காரர் வந்தார்கள். கிளினிக்கை ஒருவரும் பூட்டவில்லை. ஏரம்பரின் கோடிப்புறத்தில் ஒரு தடம் விழுந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் அந்தப் பத்து வருசத்தை விரல்விட்டு எண்ணினார்.

பிரக்கிராசியாரிடம் ஓடினார். இராசநாயகம் சிரித்தார். "வருசத்துக்கு ஒரு நாள் முள்ளுப் போட்டு அடையும் ஏரம்பர். ஒரு நாள் தடைப்பட்டாலும் பத்து வருசக் கணக்குத் திரும்ப முதலிலையிருந்துதான் தொடங்கும்." ஏரம்பருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த வருசம் ஒரு நாளைக் குறித்து, ஒழுங்கையெல்லாம் சொல்லிவைத்து, இலந்தை முள்ளை வெட்டிவந்து பொட்டை அடைத்துவிட்டு, பக்கத்தில் காவலும் இருந்தார்.

சொல்லாமல் விட்டது தோட்டத்துக்கு அப்பால் இருந்த பனையேறும் குடும்பங்களுக்கு. அவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. துடக்கில்லாத நாளிலும் அவர்களை வீதியில் தாராளமாக நடக்க எங்களவர்கள் விட்டதில்லை. அந்த அநியாயத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. அவர்களில் ஒரு பெண் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். முள்ளைக் கண்டாள். ஏரம்பரைக் கூப்பிடவில்லை, கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, வழக்கமாக நடப்பதுதானே என்பதுபோலத் திரும்பி நடந்தாள்.

ஏரம்பர் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வண்டில் கட்டிக்கொண்டிருக்கும்போது போன பேரப்பிள்ளை நினைவுக்கு வந்துவிட்டது என்று சின்னாச்சியிடம் பின்னர் சொன்னாராம். எழுந்து வெறுங்கையாலேயே முள்ளை இழுத்தார். கை கிழிந்து இரத்தம் வந்தது.

"எடி பிள்ளை! நில்லு! எங்கை போறாய்? வா, வா, இதாலை போ!"

அவள் தயங்கினாள்.

"வேலியோரமாப் போ. பிள்ளைக்கு வெயில் படாமல் மூடிக்கொண்டு போ."

வேலியோரமாக என்றுதான் சொன்னார். கிணற்றடியால் போ என்று சொல்லவில்லை, அவர்களைக் கிணற்றுக்குக் கிட்ட விடாத காலம் அது. அதற்குமேல் தாராளம் அன்று அவரிடம் இருக்கவில்லை. இல்லாததை நான் எழுதமாட்டேன். ஆனாலும் எனக்கு அந்த மனிதனை அன்றுதான் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு வருசமும் முள்ளு வெட்டவில்லை. வேலி அடைக்கிற காலம் வந்தபோது, கிடுகு கட்ட வந்தவர்களிடம் பொட்டைத் தலையுயரத்துக்கு உயர்த்தச் சொன்னார். பிள்ளையோடு குனிந்தால் பிள்ளை நசிபடும் என்றார். அவரே அளந்தும் காட்டினார்.

உலகச் சண்டைக் காலத்தில் அரிசிக்கு அல்லாடியபோதும் அந்தத் தடத்தில் கால் ஓயவில்லை. கந்தப்புவின் மகள் ஞானாம்பிகையும் தலைப்பிள்ளையோடு அதனால்தான் போய்வந்தாள். ஏரம்பர் கண்டும் காணாததுபோல இருந்தார்.

முள்ளை இழுத்த அன்றிலிருந்து பத்து வருசம் முடிந்த சில நாளில் கந்தப்பு ஏரம்பர் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்றார். இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது.

"அண்ணை, பத்து வருசமாச்சு."

"எனக்குத் தெரியாதே? நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறன்."

"வழக்குப் போட்டால் நான் வெல்லுவன்."

"ஓம். வெல்லுவாய்."

கந்தப்பு சால்வையைத் திருகினார். "எனக்கு உந்தப் பாதை வேண்டாம் அண்ணை. உங்கடை காலத்துக்குப் பிறகு ஆரும் அடைச்சுப்போட்டால் சனம் எங்காலை போறது? தீர்ப்பு ஒண்டு இருந்தால் ஒருத்தராலும் அடைக்கேலாது. அதுதான் கேக்க வந்தனான்."

ஏரம்பர் வேலிப் பக்கம் பார்த்தார். நல்லம்மாவையும் பராசக்தியையும் நினைத்தாரோ, தான் அலைந்த தவணைகளை நினைத்தாரோ, எனக்குத் தெரியாது.

"போடு. நான் தவணைக்கு வரமாட்டன்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கந்தப்பு நம்பவில்லை. திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதையே சொன்னார்.

தவணை நாள் வந்தது. ஏரம்பர் பழக்கதோஷத்தில் விடியவே முழுகிச் சலவை வேட்டியும் கட்டிவிட்டார். "எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்று சின்னாச்சி கேட்க, "ஒரு இடமுமில்லை" என்று முற்றத்தில் போய் இருந்தார். காலை ரெயில் கூவிக்கொண்டு போனது. எழும்பினார், நடந்தார், திரும்ப இருந்தார். அந்தக் காலைப்பொழுது முழுவதும் அவர் பட்ட அந்தரத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மத்தியானம் கந்தப்பு ஸ்ரேசனிலிருந்து நேரே வந்தார். படலையைத் தள்ளித் திறந்துகொண்டு முற்றத்துக்கே வந்துவிட்டார்.

"அண்ணை," என்றார். "தோத்துப்போனியள்."

"முழுக்கவோ?"

"முழுக்க. எதிராளி ஏன் வரேல்லை எண்டு ஜட்ஜ் துரை ரெண்டு தரம் கேட்டார்."

ஏரம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைக்கவில்லை. பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"சின்னாச்சி! உவன் விடியத் தொடக்கம் சாப்பிட்டிருக்கமாட்டான். ரெண்டு இலை போடு."