வடக்கில் மழையாம்

தல்லாகுளத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், மொட்டைமாடிகளில் நட்டிருக்கும் நெடிய இரும்புக் குழாய்கள் எல்லாம் என் நாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. சென்னையிலிருந்து வரும் படம் மதுரைக்கு இன்னும் எட்டவில்லை. கடலைத் தாண்டி இலங்கையிலிருந்து வருவது எட்டுகிறது. ஆகவே டிவி வாங்கியவர்கள் குழாயின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்காகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். காற்றடித்தால் ஒருவர் மேலே ஏறிக் குழாயைத் திருகுவார். கீழே கூடத்திலிருந்து "புள்ளி புள்ளியா இருக்கு, இன்னுங் கொஞ்சம் திருப்பு" என்று இன்னொருவர் கத்துவார். நான் எந்த நாட்டை விட்டு ஓடிவந்தேனோ, அதைத் தெளிவாகப் பிடிக்க ஒரு தெருவே பாடுபடுவதை முதல் மாதம் என்னால் நம்பவே முடியவில்லை.

கொழும்பில் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்த பிறகு அம்மாவும் நானும் திருச்சிக்கு விமானம் ஏறினோம். என் கணவர் தயாபரன் வரவில்லை. வவுனியாவில் ஒரு வங்கியில் அவருக்கு வேலை. அதையும் விட்டுவிட்டால் திரும்பிப் போக ஒன்றும் மிஞ்சாது என்றார். இரண்டு வருடமாகிவிட்டது. நான் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப் அடிக்கிறேன். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் ராமசாமி அண்ணன்தான் தன் வீட்டின் பின்கட்டை எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார்.

ஒரே மொழிதானே, என்ன கஷ்டம் என்று ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் கேட்கிறார்கள். வேலைக்குப் போகத் தொடங்கிய முதல் நாள், அண்ணனின் மனைவி தனலட்சுமி அக்காவிடம், "நான் வெளிக்கிடுறன் அக்கா" என்று சொன்னேன். புறப்படுகிறேன் என்று அர்த்தம். அக்கா சங்கடத்தோடு கொல்லைப்புறத்தைக் காட்டி, "வாளி அங்கனயே இருக்கு தாயி" என்றார். அன்று மாலை அதன் பொருள் விளங்கி இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அதன்பிறகு "வாரேன்க்கா" என்று சொல்லிப் பழகினேன். கதைப்பதை நிறுத்திப் பேசத் தொடங்கினேன். அம்மா மட்டும் மாறவில்லை. கடைக்காரர் அவரை மலையாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

டிவி பற்றி என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், அது எனக்கு அவ்வளவு பிடிக்காது. சினிமா வேறு. மதுரைக்காரர்கள் தியேட்டருக்குப் போய்த் திரையோடு சண்டை போடுகிறார்கள், விசிலடிக்கிறார்கள், பிடிக்காத பாட்டுக்கு எழுந்து வெளியே போகிறார்கள். டிவி முன்னால் அதே மனிதர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்து, புரியாத சிங்கள நாடகத்தையும் சோப்பு விளம்பரத்தையும் ஒரே மரியாதையோடு பார்க்கிறார்கள். எனக்குச் சிங்களம் தெரியும் என்று தெரிந்ததும் அண்ணன் வீட்டுக் கூடத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி வந்தது. "இந்தப் பொம்பள எதுக்கு அழுவுது பவானி?" என்பார்கள். மாமியார் கொடுமை என்பேன். "அங்கயுமா" என்று திருப்திப்படுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, அண்ணனின் மகள் செல்வியைப் பெண் பார்க்கச் சிம்மக்கல்லிலிருந்து வந்திருந்தார்கள். மொத்த வியாபாரக் கடை வைத்திருக்கும் குடும்பம். பஜ்ஜி, கேசரி, காப்பி எல்லாம் முடிந்தும் பேச்சு இன்னும் பிடிகொடுக்காமலே இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா எதற்கும் "பாப்போம், பாப்போம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் டிவியைப் போட்டார். மாப்பிள்ளை வீட்டில் டிவி இல்லை. படம் அன்றைக்கென்று கண்ணாடி மாதிரி விழுந்தது. என்னையும் அம்மாவையும் அழைத்து உட்கார வைத்து, "சிலோன்காரங்க. நம்ம பவானி அப்படியே தமிழ்ல சொல்லிரும்" என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார்.

பாட்டு முடிந்து சிங்களச் செய்தி வந்தது. வாசித்த பெண்ணின் சேலைக் கட்டைப் பற்றி மாப்பிள்ளையின் அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் வரைபடம் தோன்றியது. அதன் வடக்கே ஒரு புள்ளி. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் புறப்பட்ட பஸ் ஒன்றை வழியில் மறித்துச் சுட்டிருக்கிறார்கள். பயணிகள் பலர் இறந்துவிட்டார்கள். யார் சுட்டது என்று தெரியவில்லை. இறந்தவர்களின் பெயர்கள் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வங்கி மூடியதும் தயாபரன் ஏறும் பஸ் அது. யாழ்ப்பாணத்தில் அவருடைய அம்மா தனியாக இருக்கிறார்.

"என்னம்மா சொல்றாக?" என்று மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்.

கூடம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. அம்மாவும் திரும்பினார். அத்தனை வருடம் கொழும்பில் இருந்தும் அவருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. செல்வி தலை குனிந்து, பட்டுப்புடவையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில், இந்த நேரத்தில், நான் வாய்விட்டு அழுதால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அபசகுனம் என்ற சொல்லுக்கு இரண்டு ஊரிலும் ஒரே பொருள்தான்.

"மழை" என்றேன். "வடக்கில் மழையாம்."

"அங்கிட்டாவது பேயுதே. வைகைக்கும் கொஞ்சம் அனுப்பச் சொல்லும்மா" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

செய்தி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது; கூடம் மழைப் பேச்சுக்குப் போய்விட்டதால் திரையை வேறு யாரும் பார்க்கவில்லை. ஒரு டயரும், சாலையில் ஒற்றைச் செருப்பும் தெரிந்தன. அது அவருடையதா என்று பார்ப்பதற்குள் படம் மாறிவிட்டது. பெட்டியைப் பிடித்து உலுக்கி, இன்னொரு தடவை காட்டு என்று கேட்க வேண்டும் போலிருந்தது. டிவியிடம் எனக்குள்ள தீராத கோபம் இதுதான். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து எதையும் சொல்லும்; திருப்பி ஒன்று கேட்டால் காது கிடையாது.

தனலட்சுமி அக்கா என் தோளைத் தொட்டு, "இன்னொருக்கா காப்பி போடணும், கூட வா பவானி" என்றார். அடுக்களைக்குள் போனதும் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"மழைக்கா அந்தப் பொட்டிய அப்பிடி முழுங்குற மாதிரி பாத்த?"

சொன்னேன். அக்கா அடுப்பைத் தணித்தார். பிறகு நேரே கூடத்துக்குப் போய் டிவியை அணைத்தார். "கரண்டு ஏறி எறங்குது. பெட்டி கெட்டுப்போகும்" என்றார். அண்ணன் முகம் சுருங்கியது. இப்படி ஒரு நாளுக்காகவே டிவி வாங்கியவர் அவர். அக்கா அவரைப் பார்க்காமல், "செல்வி, ஒரு பாட்டுப் பாடு" என்றார். அவள் பாட, நான் அடுக்களையில் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றேன்.

அவர்கள் போனபிறகு அண்ணனிடமும் சொன்னோம். உடனே போன் போட்டுவிடலாம் என்று செருப்பை மாட்டினார். வங்கியின் எண் மட்டும்தான் என்னிடம் இருந்தது. வங்கி இனி திங்கட்கிழமைதான் திறக்கும். மாமியார் வீட்டில் போன் இல்லை.

சனியும் ஞாயிறும் எப்படிப் போயின என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பேப்பரில் நான்கு வரி வந்திருந்தது, பெயர்கள் இல்லை. அம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். மாலையில் அண்ணன் மாடியேறிக் குழாயைத் திருப்பினார். கீழே நான் மட்டும் நாற்காலியில் இருந்தேன். "தெரியுதா தாயி?" என்று மேலிருந்து மெதுவாகக் கேட்டார். தெரிந்தது. கிரிக்கெட் தெரிந்தது, பால்மா விளம்பரம் தெரிந்தது. பஸ்ஸைப் பற்றி ஒன்றுமில்லை. ஞாயிறன்று சிம்மக்கல்லிலிருந்து ஆள் வந்து, பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். செல்வி ஓடிவந்து என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என் காலைப் பிடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அண்ணன் என்னை ஸ்கூட்டரில் தொலைபேசி நிலையத்துக்குக் கூட்டிப்போனார். வெளிநாட்டு அழைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. துபாய்க்குப் பேசுகிறவர், சிங்கப்பூருக்குப் பேசுகிறவர் எல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கத்திவிட்டு, முகம் சிவந்து வெளியே வந்தார்கள். அண்ணன் அன்று கோர்ட்டுக்கு லீவு போட்டிருந்தார். அதை அவர் சொல்லவும் இல்லை.

"வவுனியா, ரெண்டாம் நம்பர் கூண்டு. மூணு நிமிசம்" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

கூண்டுக்குள் ரிசீவரை எடுத்தேன். அலை இரைச்சல். அப்பால் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். பிறகு ஒருவர் மூச்சுவிடுவது கேட்டது.

"ஏங்க, நல்லாருக்கீங்களா? எம்புட்டு நேரமா இங்கன காத்துக் கெடக்கேன், பேசுங்க" என்று கத்தினேன்.



"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

அவர் குரல்தான். உயிரோடு இருந்தார். அவர் மறுபடியும், கொஞ்சம் பயத்தோடு, "ஆர் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார். யாரோ இந்தியப் பெண் இணைப்பு மாறிப் பேசுகிறாள் என்று அவர் ரிசீவரை வைத்துவிடப் போவது எனக்குத் தெரிந்தது. என் பழைய குரலைத் தேடினேன். அது உடனே வரவில்லை.

கண்ணாடிக்கு வெளியே ராமசாமி அண்ணன் எழுந்து நின்று, என்ன என்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்தார்.

"இருக்காருண்ணே" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். "இஞ்சாருங்கோ, நான்தான், பவானி" என்று ரிசீவருக்குள் சொன்னேன். எதை முதலில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. காய்ச்சலில் படுத்ததால் அன்று போகவில்லை என்றார். வங்கியிலிருந்து போன இன்னொருவர் திரும்பவில்லை என்றார். பிறகு, "நீர் ஏன் அப்பிடிக் கதைச்சனீர்?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.