கடலடியில் விட்டுவந்த கூடு

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்ச் மாதத் தொடக்கத்தில், அமீரகத்தின் உம்மல் குவைன் துறைமுகத்தில் நடந்தது இது. நான் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரன். கடலை முதன்முதலில் பார்த்ததே விமான ஜன்னல் வழியாகத்தான். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தது மீன் வண்டி ஓட்டும் வேலை. எங்கள் முதலாளியை அர்பாப் என்போம். அவருக்கு ஒரு படகு இருந்தது, அதை அவரே ஓட்டுவார். மீன் பிடிப்பவர்களில் முக்கியமானவர் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையைச் சேர்ந்த ஒருவர். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதால் என்னை அண்ணே என்பார், நான் தம்பி என்பேன். அவர்கள் பிடித்து வருவதை ஐஸ் போட்டு ஷார்ஜா சந்தைக்குக் கொண்டுபோவது என் டியூட்டி.

முதலில் எங்களுக்குள் பாஷையே ஒத்துவரவில்லை. படகிலிருந்து இறங்கும்போதெல்லாம், "இன்னைக்கு நல்ல பாடு அண்ணே" என்பார். பாவம், தினமும் இவ்வளவு பாடு படுகிறாரே என்று நான் உச்சுக் கொட்டி, டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொல்வேன். அவர்கள் ஊரில் பாடு என்றால் மீன் வரத்து என்று தெரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது. அதுவரை ஓசி டீ குடித்துக்கொண்டு அவர் வாயைத் திறக்கவில்லை!

குளிர்காலம் முழுக்க அவர்கள் கூடு வைத்துத்தான் பிடிப்பார்கள். நம் ஊரில் கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரம் இருக்கிறதே, அதேபோலக் கம்பியில் பின்னியது, ஆள் உயரம் இருக்கும். உள்ளே போன மீன் வெளியே வர முடியாது. கூட்டைக் கடலடியில் இறக்கி, அதில் கட்டிய கயிற்றின் மறுநுனியில் ஒரு மிதவையைக் கட்டி விடுவார்கள். மிதவையைப் பார்த்துத்தான் கூடு இருக்கும் இடம் தெரியும். மார்ச் பிறந்தால் ஒரா மீனும் விளமீனும் முட்டையிடும் காலம். அவற்றைப் பிடிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. அதனால் அதற்குள் எல்லாக் கூடுகளையும் கரையேற்றிவிடுவது எங்கள் அர்பாபின் வழக்கம்.

அந்த வருடம் சீசன் முடியும் நேரத்தில் படகில் ஓர் ஆளுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக நான் ஒரு வாரம் கடலுக்குப் போனேன். மிதவை கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த முடிச்சு, ஊரில் மாட்டை முளைக்குச்சியில் கட்டுகிற முடிச்சு ஒன்றுதான். எங்கள் காளையே அவிழ்த்துக்கொண்டு போனதில்லை, கடல் என்ன செய்துவிடும் என்ற தெம்பில் கட்டிவிட்டேன். அது தேங்காய் நார்க் கயிற்றுக்கு ஆகும். வழவழப்பான பிளாஸ்டிக் கயிற்றுக்கு ஆகாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

கூடுகளை எடுக்கும் கடைசி நாளில் ஒன்று குறைந்தது. மிதவையைக் காணோம். பொழுது சாயும்வரை தேடிவிட்டு அர்பாப், "கலாஸ், போனது போகட்டும்" என்று படகைத் திருப்பிவிட்டார். எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது. அந்தக் கூட்டுக்கு மிதவை கட்டியது யார் என்பது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

ஆனால் தம்பி கேட்கவில்லை. நாளைக் காலை இன்னொரு முறை போவோம் என்று அர்பாபிடம் கெஞ்ச ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் மாலை நான்கு மணிக்கு அவருக்கு ஊருக்கு விமானம். அதற்கு அடுத்த நாள் காலை அவருடைய மகளுக்கு பிளஸ் டூ பொதுத்தேர்வு. மூன்று வருடமாகப் போன் வழியாகவே அப்பாவாக இருந்தவர், பரீட்சை முதல் நாளன்று நானே வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்று அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பயந்த சுபாவம் உள்ள பெண். அந்த ஒரு வாக்கை வைத்துத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கூட்டுக்காக ஃப்ளைட்டை விடப் போறியா தம்பி? அர்பாபே வேணாம்னுட்டாரு" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"கூடு சும்மா கெடக்காது அண்ணே. உள்ள போன மீனு சாவும். அந்த மணத்துக்கு அடுத்தது வந்து ஏறும், அதுவும் சாவும். சீசன் முடிஞ்சு போச்சு, நாம ஊருக்குப் போயாச்சுன்னு கூட்டுக்குத் தெரியுமா? எனக்க கையால எறக்குன கூடு. அங்க அது கொன்னுட்டு கெடக்கும்போ, நான் வீட்டுல போயி எப்பிடி ஒறங்கியது?"

அர்பாப் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். விடிந்ததும் மூவரும் கிளம்பினோம். தம்பியின் பெட்டியை முன்கூட்டியே என் வண்டியில் ஏற்றி வைத்திருந்தேன். படகில் இருந்த ஜிபிஎஸ்ஸில் வரிசையின் முதல் கூடு மட்டுமே பதிவாகியிருந்தது. காணாமல் போனது எங்கோ தள்ளிக் கிடந்தது. தம்பி அந்த ஜிபிஎஸ்ஸைத் திரும்பியும் பார்க்காமல் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடு இறக்கும்போதெல்லாம் கரையில் அடையாளம் பிடித்துக்கொள்வாராம். அதற்கு அவர்கள் ஊரில் கணியம் என்று பெயர்.

"பள்ளிவாசல் மினாராவும் அதுக்குப் பொறத்தால உள்ள தண்ணி டாங்கும் ஒண்ணா நிக்கணும். இந்தப் பக்கம் ஓட்டல் கட்டடத்துக்க மூலையும் செவப்பு வெள்ளக் கம்பமும் ஒண்ணா நிக்கணும். ரெண்டும் சேருத எடத்துல நம்ம கூடு கெடக்கு."

கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்று பார்த்து ஒரே மூட்டம், கரையே தெரியவில்லை. எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி என்று நேரம் ஓடியது. நான் போனை எடுத்து எடுத்து மணி பார்த்தேன். அவர் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பாக்கெட்டில் இருந்த ஜெபமாலையை அவர் விரல்கள் உருட்டிக்கொண்டே இருந்தன. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டி போன்ற ஒரு கொக்கி அவர் காலடியில் தயாராக இருந்தது.

பதினொரு மணிக்கு மேல்தான் மூட்டம் விலகியது. மினாராவும் டாங்கும் ஒன்றாகும்வரை படகை நகர்த்தச் சொன்னார். பிறகு மூலையும் கம்பமும் சேர்ந்தன. "பஸ், அர்பாப்!", போதும் நிறுத்துங்கள் என்று கத்திக் கொக்கியை வீசினார். முதல் இரண்டு தடவை ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை கயிறு விறைத்தது. பரந்து கிடக்கிற கடலில், அடி தெரியாத தண்ணீரில், கரையில் நான்கு அடையாளங்களை வைத்து ஒரு கூட்டைக் கண்டுபிடித்துவிட்டார். இன்றும் நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது.

மூவருமாக இழுத்து மேலே ஏற்றினோம். கூட்டுக்குள் இருந்த மீன்களில் பாதி செத்துக் கிடந்தன, மீதி துடித்துக்கொண்டிருந்தன. உயிரோடு இருந்த ஒராக்களின் வயிறு முட்டையால் உப்பியிருந்தது. தம்பி கூட்டின் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திக் கடலில் விட்டார். அவற்றின் முள் குத்தினால் கை கடுகடுவென்று கடுக்கும். குத்தியது, ரத்தமும் வந்தது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை.

அதற்குப் பிறகுதான் அர்பாப் கயிற்று நுனியைக் கையில் எடுத்தார். கயிறு அறுந்திருக்கவில்லை. நுனி முழுசாக, முடிச்சு இருந்த வளைவோடு அப்படியே இருந்தது. "யே காண்ட் கிஸ்கா?" என்று கேட்டார். யார் போட்ட முடிச்சு இது என்று அர்த்தம். தம்பி ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார்.

"மேரா கல்தி, அர்பாப்" என்றார். என் தப்பு என்று சொல்லிவிட்டார்.

பதினொரு வருடம் கடலில் கிடந்தும் ஒரு முடிச்சுப் போடத் தெரியவில்லையா என்று கரை வரும்வரை அர்பாப் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கரை சேரும்போது மணி இரண்டு. குளிக்கக்கூட நேரமில்லை. வண்டியில் இருந்த என் மாற்றுச் சட்டையை மாட்டிக்கொண்டார். அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. ஷார்ஜா விமான நிலையம் போகும் வழியில் எனக்குத் தாங்கவில்லை.

"தம்பி, அந்த முடிச்சு நான் போட்டது."

"தெரியும் அண்ணே. நீங்க கெட்டும்போ நானும் பாத்துட்டுத்தான் நின்னேன். எறக்கதுக்கு முன்ன இழுத்துப் பாக்க வேண்டியது எனக்க வேல. பாக்காம விட்டேன். அர்பாப்கிட்ட சொன்னது ஒண்ணும் பொய்யில்ல."

ரோட்டைப் பார்த்தபடி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கி முன்னால் போன லாரி மங்கலாகத் தெரிந்தது. கவுண்டரை மூடப் போகிற நேரத்தில் கடைசி ஆளாக அவர் ஓடியதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

மறுநாள் காலை வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது போனில் அவருடைய குரல் பதிவு வந்திருந்தது. பின்னால் ஸ்கூட்டர் சத்தமும் பிள்ளைகள் இரைச்சலும். "அண்ணே, மகள ஸ்கூலுக்குள்ள விட்டாச்சு. வாசல் வர கைய விடல்ல. அப்பா மேல மீனு மணம் போகல்லன்னு சிரிச்சிட்டே போனா."

அதைக் கேட்டுவிட்டு நேராக அர்பாபிடம் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், அந்த முடிச்சு என்னுடையது, அவரைத் திட்டியது தப்பு என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்து, "வோ ஆயேகா, உஸ்ஸே ஸீக்கோ" என்றார். அவன் வந்ததும் அவனிடம் கற்றுக்கொள் என்று அர்த்தம்.

பார்வையில் இருந்து மறைந்துவிட்டால் செய்த தப்பு தீர்ந்துவிட்டது என்றுதான் அதுவரை நான் வாழ்ந்திருந்தேன். யாருமே பார்க்காத இடத்தில் தன்னால் ஓர் உயிர் சாகிறது என்று தூக்கம் வராமல் தவிக்கிற மனிதரோடு ஒரே படகில் ஒரு நாள் இருந்துவிட்டேன். இப்போது என் தப்பைச் சொல்லாமல் ஓர் இரவுகூட என்னால் படுக்க முடிவதில்லை.