நான் மட்டும் பார்த்த சிங்கம்

என் ஓரகத்தியிடம் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி அவள். சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. என்னைவிட ஆறு வயது சின்னவள். கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. பொங்கலுக்கு மரக்காணம் வந்தபோது, என் மகளை ஆறாம் வகுப்பிலிருந்து தன் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறேன் என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். நானும், "அதுக்கென்னம்மா, உன் பொண்ணு மாதிரிதானே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தேன். அடியில் விரிசல் விட்டுப் போனது அந்தச் சட்டி.

ஒரே மகள். அவளைக் கொடுக்க எனக்கு மனசே இல்லை. ஆனால் நல்ல பள்ளிக்கூடம், இங்கிலீஷ் என்று சொல்லும்போது பெற்றவள் எப்படி வேண்டாம் என்பது? ஊரே என்னைத்தான் காறித் துப்பும். அப்போதுதான் கொழுந்தன் போனில் ஒரு வழி சொன்னார். "அண்ணி, லீவுல ரெண்டு நாள் கூட்டிட்டு வாங்க. கோயில், பீச், சஃபாரின்னு சுத்திக் காட்டறோம். அவளுக்குப் பிடிச்சிருந்தா இருக்கட்டும். பிடிக்கலன்னா விட்டுடலாம், கட்டாயம் இல்ல." நல்ல நியாயம்! பத்து வயதுப் பிள்ளையை ஊரெல்லாம் சுற்றிக் காட்டி, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, உனக்குச் சித்தி வேணுமா அம்மா வேணுமா என்று கேட்பார்களாம்.

மே மாதத்தில் எங்கள் ஊரில் யாரும் சுற்றுலா கிளம்ப மாட்டார்கள். மற்றவர்களுக்கு லீவு விடும் நேரத்தில்தான் எங்கள் உப்பளப் பாத்திகளில் உப்பு விளையும். ஒரு நாள் வேலையை விட்டால் விட்டதுதான். வீட்டுக்காரர், "நான் ஆள வெச்சுப் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா. அங்க போய் மூஞ்சிய மட்டும் தூக்கி வெச்சுக்காத" என்றார். பன்னிரண்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்துகிற மனுஷன் அல்லவா.

பாண்டிச்சேரியிலிருந்து வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே சென்னை போய்ச் சேர்ந்தோம். ஓரகத்தி வாசலிலேயே என் பையை வாங்கிக்கொண்டாள். "வாங்கக்கா, வெயில்ல வாடிப்போயிட்டீங்க" என்றாள். வெயிலில் வாடுவதற்கு நான் என்ன கீரைக்கட்டா? குனிந்தபோது அவள் குதிகாலைப் பார்த்தேன். சப்பாத்தி மாவு போல வழவழவென்று இருந்தது. என் குதிகால் வெடிப்பில் உப்புத்தண்ணீர் ஏறி ஏறி, பத்து ரூபாய் காசைச் செருகி வைக்கலாம். செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

உள்ளே ஒரு ரூம் தயாராக இருந்தது. என் மகளுக்கென்றே. கட்டிலில் பட்டாம்பூச்சி போட்ட பெட்ஷீட், ஜன்னலோரம் படிக்க மேஜை, மேஜைமேல் விளக்கு. இன்னும் சரி என்றே யாரும் சொல்லவில்லை, அதற்குள் விளக்கா! மகள் அதை அணைத்து எரித்து, அணைத்து எரித்து விளையாடினாள். நான் சமையலறைக்குப் போனேன். உப்பு ஜாடியைத் திறந்தால் பாக்கெட் தூளுப்பு. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "இதெல்லாம் ஒரு உப்பாம்மா? நான் வரும்போது கல்லுப்பு கொண்டாந்திருக்கேன், அதப் போடு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே நான் கொண்டுபோனதைப் போட்டு ரசம் வைத்தாள். அநியாயத்துக்கு நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் மெட்ரோ ரயிலில் ஏற்றிக் கூட்டிப்போனார்கள். அப்புறம் மெரினா. பிறந்ததிலிருந்து கடல் காற்றைக் குடித்து வளர்ந்தவளைக் கூட்டிப்போய், "அக்கா, கடலப் பாருங்க" என்கிறாள்! எங்கள் ஊர்க் கடலை ஒரு நாளும் திரும்பிப் பார்க்காத என் மகள், அந்தக் கூட்டத்தில் அலையைப் பார்த்ததும் புதிதாகப் பார்ப்பதுபோல் குதித்தாள். சுண்டல், பலூன் சுடுவது, குதிரை சவாரி. குதிரையில் ஏறியபோது சித்திதான் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். நான் மூன்று ஜோடி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் விடிந்ததும் காரில் காஞ்சிபுரம். புறப்படும் முன் மகளுக்குத் தலைவாரச் சீப்பை எடுத்தேன். "சித்தி புதுசா ஒரு பின்னல் போட்டு விடுதும்மா" என்று சீப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். காமாட்சி சன்னதியில் கண்ணை மூடி நின்றேன். மற்றவர்கள் என்ன வேண்டினார்களோ, நான் வேண்டியது ஒன்றுதான். தாயே, இவளுக்கு இந்த ஊர் பிடிக்காமல் போகட்டும். பெருமாள் கோயிலில் தலைக்கு மேல் இருக்கும் தங்கப் பல்லியைத் தொட வரிசையில் நின்றோம். மகளுக்குக் கை எட்டவில்லை. நான் தூக்குவதற்குள் அவள் சித்தி இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். இருபது வருடம் ஈர உப்பைக் கூடை கூடையாகச் சுமந்த கை என்னுடையது. அது சும்மா தொங்கியது. எனக்கு வயிறு எரிந்தது. மறைத்துப் பேச என்ன இருக்கிறது?

ஆனால் காமாட்சி கேட்டுக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். காரில் திரும்பும்போது ஓரகத்தி மெதுவாக, "என்னடி குட்டி, சித்தி வீட்லயே இருந்து படிக்கிறியா?" என்று கேட்டாள். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "தெரியல சித்தி. அம்மா இல்லாம எனக்குத் தூக்கம் வராது" என்றாள். ஓரகத்தியின் முகம் சின்னதாகிப் போனது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தேன். சந்தோஷத்தில் அப்படித் தாகம் எடுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

கடைசியாக வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் சிங்க சஃபாரி. ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை போட்ட பஸ். ஏறியதும் மகள் ஓடிப்போய் முன் சீட்டில் சித்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். கொழுந்தன் அவர்களுக்குப் பின்னால். எனக்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது. உச்சி வெயில். "நிழல் பாத்துப் படுத்திருக்கும், நல்லா பாருங்க" என்றார் டிரைவர். எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார்கள். வெளியே காய்ந்த புல்லும் மஞ்சள் மண்ணும்தான். கண் கூசுகிறது, கண் கூசுகிறது என்று பஸ் முழுக்க ஒரே புலம்பல்.

எனக்கு அந்த வெயில் ஒன்றுமே இல்லை. வெள்ளை வெளேரென்று எரிகிற பாத்தியில் எந்த மூலையில் உப்பு திரண்டிருக்கிறது, எந்த மூலை இன்னும் தண்ணீர் என்று பார்த்துப் பழகிய கண். உப்புக் குவியல்மேல் கொக்கு உட்கார்ந்தாலும் தெரிந்துவிடும். ஒரு புதருக்கு அடியில் என்னவோ அசைந்தது. காது. அப்புறம் முகம் முழுக்கப் பிடிபட்டது. பிடரி மயிரோடு ஒரு பெரிய ஆண் சிங்கம், முன்னங்காலை நீட்டிப் போட்டுப் படுத்திருந்தது.

வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மகள் சித்தியின் தோளில் சாய்ந்து, "எனக்கு ஒண்ணுமே தெரியல சித்தி, நீ பாத்து எனக்குக் காட்டு" என்றாள். பின்னால் அம்மா ஒருத்தி இருக்கிற நினைப்பே இல்லை. அப்படியா, உன் சித்தியே காட்டட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பஸ் அந்தப் புதரைத் தாண்டிப் போகும்வரை மூடியே இருந்தேன். ஜம்மென்று இருந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டதே!

இறங்கியதும் மகள் அழ ஆரம்பித்தாள். "ஒரு சிங்கம்கூட பாக்கல. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன்" என்று விசும்பினாள். நான் கிட்டே போவதற்குள் ஓரகத்தி மண்டியிட்டு உட்கார்ந்து துப்பட்டாவால் அவள் கண்ணைத் துடைத்தாள்.

"அட, இதுக்கா அழற? இங்கேர்ந்து நம்ம வீடு எவ்ளோ தூரம்? ஸ்கூல் திறந்ததும் ஒரு ஞாயித்துக்கிழமை காலைலயே வரலாம். நீ சிங்கம் பாக்கற வரைக்கும் வாரா வாரம் வரலாம்."

அழுகை நின்றது. "சத்தியமா?"

"சத்தியமா."

"அப்படின்னா நான் இங்கயே படிக்கறேன் சித்தி."

என்ன செய்கிறேன் என்று தெரியாமலே, "நான் பாத்தேன்! புதருக்குக் கீழ படுத்திருந்துது, நான் பாத்தேன்!" என்று கத்திவிட்டேன்.

மகள் திரும்பினாள். "பாத்துட்டு ஏம்மா சொல்லல?"

ஓரகத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. ஒரு வார்த்தையில் என்னை என் பிள்ளை முன்னால் நாறடித்திருக்கலாம். அவளோ, "அம்மா கூப்பிட்டிருப்பாங்கடி. கடைசி சீட்ல இருந்தாங்க இல்ல, பஸ் சத்தத்துல நமக்குத்தான் கேக்கல" என்றாள். அந்த நல்ல மனசைப் பார்த்தும் எனக்கு வயிறுதான் எரிந்தது.

மகள் அப்படியே நம்பினாள். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா இருந்துச்சு? சொல்லும்மா" என்றாள். காது அசைந்தது, பிடரி மயிர், நீட்டிய கால், புதருக்குப் பக்கத்தில் வெட்டுப்பட்ட ஒரு மரம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். முடித்ததும் சித்தி பக்கம் திரும்பினாள்.

"சித்தி, எந்தப் புதர்னு அம்மாகிட்ட நல்லா கேட்டு வெச்சுக்கோ. நாம வரும்போது அம்மா இருக்க மாட்டாங்க."