வெயிலில் வைத்த பொத்தான் பேட்டரி

கருவாட்டின் உப்பு வாடையோடு, சூடேறிய தகர நெடியும் சேர்ந்து வந்தால், எங்கள் தேவிபட்டினத்து வீட்டு மொட்டை மாடியில் ‘கட்டை’ காய்கிறது என்று பொருள். டார்ச்சுக்குப் போடும் பேட்டரிக்கு அன்று அதுதான் பெயர். தீர்ந்த கட்டையை யாரும் எறிவதில்லை. “வெயில்ல போட்டா செத்ததுக்கும் உசிர் வரும்” என்பது என் அப்பாவின், எங்கள் வழக்கில் அத்தாவின், கொள்கை. கட்டையும் மறுநாள் மங்கலாக எரிந்து அவர் மானத்தைக் காப்பாற்றிவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் பள்ளியில் படித்தபோது, அக்காவின் கணவர் துபாயிலிருந்து உள்ளங்கையளவில் ஒரு ‘கேம் டப்பா’ கொண்டுவந்தார். விடுப்பு முடிந்து அவர் திரும்பிய சில மாதங்களில் அதன் திரை வெளுத்துப்போயிற்று. பின்மூடியைத் திறந்தால் சட்டைப் பொத்தான் போல இரண்டு பேட்டரிகள். கடிகாரக் கடைக்காரர், “இதுக்கு மதுரைக்குத்தான் போகணும் தம்பி” என்றார். அத்தா மதுரைக்குப் போகவில்லை, மாடிக்குப் போனார். நெத்திலி காய்ந்த பாயின் ஓரத்தில் இரண்டையும் வைத்தார்.

நண்பகல் லுஹர் தொழுகையை முடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒன்றுதான் இருந்தது. பாயின் நடுவே அக்காவின் ஒன்றரை வயது மகள் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

வாயில் விரலை விட்டுத் துழாவினோம். நெத்திலித் தலைதான் வந்தது. முதுகில் தட்டினோம், பாயை உதறினோம், பிறகு ராமநாதபுரம் பஸ்ஸைப் பிடித்தோம். அழுது களைத்த குழந்தை அக்காவின் மடியில் தூங்கிவிட, அந்தத் தூக்கமே எங்களுக்குப் பயமாக இருந்தது.

“செத்த பேட்டரிதானம்மா, ஒன்னும் பண்ணாது,” என்றார் அத்தா.

“செத்ததுக்கும் உசிர் வரும்னு நீங்கதானத்தா சொன்னீங்க,” என்றாள் அக்கா.

அத்தா எழுந்துபோய் டிரைவரிடம் வேகமாக ஓட்டச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் குழந்தையின் மூடிய கையை விரிக்கப் பார்த்தார். விரலிடுக்கில் நெத்திலி வால் நீட்டிக்கொண்டிருந்தது, அவள் வீறிட்டாள். “மீன்தான, இருந்துட்டுப் போகட்டும்” என்று கையை வயிற்றின் மேலேயே விட்டுவிட்டார். ஈரம் காயாத படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, வயிற்றின் நடுவில் வெள்ளை வட்டம்.

டாக்டர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். “பேட்டரியோட அஞ்சு விரலையும் சேத்தா முழுங்கியிருக்கா?”

வட்டத்தைச் சுற்றி மெல்லிய விரலெலும்புகள். கையைப் பிரித்தார்கள், நசுங்கிய நெத்திலிக்கு அடியில் பேட்டரி இருந்தது. கையை விரித்துப் பார்ப்பதைத் தவிர மற்ற எல்லா நடைமுறைகளையும் நாங்கள் முறையாகச் செய்திருந்தோம். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியபின் சொல்கிறேன், விசாரணைகள் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கின்றன.

கேம் டப்பா மறுபடி உயிர்பெறவில்லை. அம்மா அதைக் கேட்ட யாருக்கோ கொடுத்துவிட்டார். இன்றைய கருவிகளில் பேட்டரியைக் கழற்றவே வழியில்லை; மாடியில் இப்போது யாரும் எதையும் காயவைப்பதுமில்லை. நெத்திலியைப் பிடித்திருந்த அந்தக் குழந்தை இன்று துபாயில் குடும்பம் நடத்துகிறாள். அவள் மகன் வீடியோ காலில் முகம் காட்டியதும், சலாம் சொல்லக்கூட விடாமல் என் அக்கா கேட்பது ஒன்றுதான்: “ஏலே, மொதல்ல ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டு.”