உள்ளே ஒன்று அதிகம்

கண்டக்டர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். பேருந்தை விட்டு அவர் இறங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் இன்னும் இறங்கவில்லை. ஓய்வுபெற்ற மறுமாதமே ஆற்றங்கரை மியூசியத்தில் வாசல் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

மியூசியம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கடல் தாண்டி வந்தவர்கள் முதன்முதலாக இந்தப் பக்கம் குடியேறியபோது கட்டிய சரக்குக் கிடங்கு அது. மேலே நான்கு அறைகள், கல் படியில் இறங்கிப் போனால் ஒரு நிலவறை. ஒரு துருப்பிடித்த நங்கூரம், கொஞ்சம் பீங்கான் துண்டு, கோட்டு மாட்டிவிட்ட ஒரு ஆளுயரப் பொம்மை. அந்தப் பொம்மை நிற்கிற மிடுக்கைப் பார்த்தால் கிடங்குக் கல்லையெல்லாம் அதுவே தூக்கி வைத்தது போலிருக்கும். உண்மையில் தூக்கி வைத்தவர்களைப் பற்றி ஒரு பலகையும் கிடையாது.

வேலை எளிது. இரண்டு கையிலும் கைக்கு ஒன்றாக எண்ணும் கருவி. யாராவது உள்ளே நுழைந்தால் வலது கட்டைவிரலால் ஓர் அழுத்து, வெளியே போனால் இடது கையால் ஓர் அழுத்து. மாலை ஐந்து மணிக்கு இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அறை அறையாகத் தேடிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். நிற்க இடமில்லாத பேருந்தில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் தலை எண்ணிய மனுஷனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

நிலவறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மரச்சீப்பு ஒன்றும் தகரக் குவளை ஒன்றும் இருக்கின்றன. பக்கத்துப் பலகையில் நாலு வரி. குடியேறிய முதல் வருடம் ஆறு பெருகி வந்ததாம். மேட்டுக்கு ஓடுவதற்கு முன் எல்லோரும் கிடங்கு வாசலில் கூடி, பதிவேட்டை விரித்துத் தலையை எண்ணியிருக்கிறார்கள். பெயர் அறுபத்து மூன்று, தலையும் அறுபத்து மூன்று. கணக்குச் சரி என்று கதவை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். சமையல் வேலைக்கு வைத்திருந்த பெண்ணின் பெயர் பதிவேட்டில் இல்லை. நிலவறையில் இருந்த அவளைத் தண்ணீர் வடிந்த பிறகுதான் பார்த்தார்கள்.

வேலையில் சேர்ந்த அன்றே இதைப் படித்துவிட்டுக் கண்டக்டருக்கு வயிறு எரிந்தது. வாசப்படி மிதித்தவர் யாரானாலும் எண்ணுவது என்று அன்றைக்கே முடிவு கட்டினார். மின்சாரம் பழுது பார்க்க வந்தவரை எண்ணினார். பெண்டாட்டியையும் எண்ணினார்.

அவளுக்குப் பக்கத்துத் தெருத் தையல் கடையில் ஓரம் மடித்துத் தைக்கிற வேலை. நாலு மணிக்கு வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவாள். நிலவறைக் குளிர்ச்சி அவளுக்குப் பிடிக்கும். அங்கே உள்ள பெஞ்சில் மடியில் பையை வைத்துக்கொண்டு, அவர் பூட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். முதல் நாள் அவர் கருவியை அழுத்தியதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னையுமா எண்ணுவீங்க? சரி, வெளிய போறப்ப யாரு எண்ணுவா?"

"நீதான் என்கூட வரப் போறியே. உனக்கு எதுக்கு எண்ணிக்கை?"

அப்படித்தான் நடந்தது. ஐந்து மணிக்குக் கருவி இரண்டையும் மேசையில் வைத்து எண்ணை எழுதிவிடுவார். எப்போதும் உள்ளே ஒன்று அதிகம் இருக்கும். பக்கத்தில் 'நம்ம ஆள்' என்று குறித்துவிட்டு, படியருகே போய், "ரைட், போலாம்" என்று குரல் கொடுப்பார். அவள் ஏறி வருவாள். பதினோரு வருடம் இப்படியே போயிற்று.

காய்ச்சல் என்று படுத்தவள் நான்கே நாளில் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். அன்று மாலையும் உள்ளே ஒன்று அதிகம். பழக்கதோஷத்தில் நாலு மணிக்குத் தானே அழுத்தியிருப்போம் என்று நினைத்தார். மறுநாள் கவனமாக இருந்தார். அப்போதும் ஒன்று அதிகம். விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கண்டக்டர் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. 'நம்ம ஆள்' என்று எழுதினார். தேடவில்லை, கீழே இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. போய்ப் பார்த்து இல்லையென்றால் என்ன செய்வது என்ற பயம்தான். "ரைட், போலாம்" என்பதையும் விட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவள் அங்கே இருக்கிறாள் என்ற நினைப்பில் சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. ஒன்பது மாதம் இப்படி ஓடிற்று.

அதற்கப்புறம் ஒரு நாள் காலையில், நிலவறை விளக்கைப் போட்டவர் பாதிப் படியிலேயே நின்றுவிட்டார். பெஞ்சில் ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நரைத்த கொண்டை, குனிந்த தோள், மடியில் பை. அவருக்குப் பயமே வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

"வந்துட்டியா?" என்றார்.

அவள் திரும்பவில்லை. இறங்கிப் போய்த் தோளைத் தொட்டார். திரும்பிய முகம் வேறு முகம். முந்தின நாள் மதியம் தனியாக வந்த அம்மாள், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காது மந்தம், மூடுகிற மணி கேட்கவில்லை. அந்தக் கல் அறையில் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கவில்லை. வீட்டில் தேடுவதற்கும் ஆள் இல்லை. ராத்திரி முழுக்க இருட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

கண்டக்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மாள் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"தட்டிப் பாத்தேன், கூப்பிட்டுப் பாத்தேன்" என்றார் அவர். "அப்புறம் விட்டுட்டேன். நீங்க வாசல்ல ரெண்டு கையிலயும் எண்ணிட்டு நின்னீங்களே, அதை நெனச்சுக்கிட்டேன். ஒரு ஆள் குறையுதுன்னு தெரிஞ்சா தேடிட்டு வந்துடுவாருன்னு உக்காந்திருந்தேன்."

அந்த அம்மாள் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். கண்டக்டரும் பார்த்தார். அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

புகார் எழுதித் தர அந்த அம்மாள் மறுத்துவிட்டார். ஆனால் மியூசியப் பொறுப்பாளர் பதிவேட்டைப் புரட்டினார். கண்டக்டரின் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. பக்கத்துக்குப் பக்கம் 'நம்ம ஆள்'. முந்தின நாள் உள்ளே இரண்டு அதிகம், அதற்கும் பார்க்காமலே அதே 'நம்ம ஆள்'தான். துக்கத்துக்கு வந்து போனவர் என்பதால் அவருக்குத் தேதியும் தெரியும்.

"அவங்க இருந்தவரைக்கும் சரி ஐயா. இப்பவும் ஏன்?"

"நான் அழுத்தல மேடம். ஆனா வருது."

இனி ஓர் எண் மிச்சம் இருந்தாலும் சாவியை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கண்டக்டர் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

அன்று மூன்றரைக்கு மேல் புதிதாக யாரும் வரவில்லை. நாலு மணி ஆகும்போது கண்டக்டர் வலது கைக் கருவியை மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். ஐந்து மணிக்கு எடுத்துப் பார்த்தார். உள்ளே இருபத்திரண்டு. வெளியே இருபத்தொன்று.

தேடினார். கோட்டுப் பொம்மைக்குப் பின்னால், கதவிடுக்குகளில், படிக்கட்டின் கீழே என்று ஓர் இடம் விடாமல் டார்ச் அடித்துப் பார்த்தார். கடைசியாக, ஒன்பது மாதமாகச் செய்யாததைச் செய்தார். மூடுகிற நேரத்தில் நிலவறைக்கு இறங்கினார்.

பெஞ்ச் காலியாக இருந்தது. எதிரே பதிவேட்டில் இல்லாதவளின் சீப்பு. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனைவியை எண்ணி உள்ளே விட்டது இவர். கூடவே கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்ததும் இவர்தான். ஒன்பது மாதமாக அவளை இந்த இருட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார். துணைக்கு வைத்திருக்கிறோம் என்று வேறு நினைத்துக்கொண்டார். அவள் ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் குரலுக்காகக் காத்திருந்திருப்பாள்.

மேலே ஏறி வந்தார். இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தார். ஒரு ஆள் தாராளமாகப் போகிற அளவுக்கு ஒதுங்கி நின்றார்.

"ரைட், போலாம்" என்றார். படியேறி வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, இடது கட்டைவிரலை அழுத்தினார்.

இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்று எழுதிப் பூட்டினார்.

மறுநாள் ஐந்து மணிக்கு உள்ளே பதினேழு, வெளியே பதினேழு. இரண்டு தரம் பார்த்தார், எண்ணிக்கை சரியாக இருந்தது. கண்டக்டர் கீழே போய், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்.